மூச்சை நிறுத்தாதீர்கள்

டார்ட்டு நகரம், பிப்ரவரி, மாலை நாலு மணிக்கே இருட்டு.
வெளியே எமாயொகி ஆறு கல்லாய்க் கிடக்கிறது.
உள்ளே, காந்தத்தின் வயிற்றில்,
ஹீலியம் அதைவிடக் கடுங்குளிரில் கொதிக்கிறது.

என்டெல் கூசிக். அறுபத்தொரு வயது.
ஹீயுமா தீவுப் படகில் எஞ்சின் மெக்கானிக்.
சாவிக்கொத்து, பெல்ட், பல்செட், எல்லாம் தட்டில் வைத்தார்.
கணுக்காலில் சாக்ஸின் தடம்
விரல் நுழையும் ஆழத்துக்கு.
"உடம்பில் இரும்பு ஏதாவது?"
"கண்ணில் ஒருமுறை தூள் தெறித்தது. எடுத்துவிட்டார்கள்."
எடுத்ததுதானா என்று பார்க்க
ஒரு எக்ஸ்ரே, அரைமணி தாமதம்.

மார்பு மயிரை மழித்து நாலு மின்முனை ஒட்டினேன்.
வெளியில் ஒழுங்காக இருந்த அலை
காந்தத்துக்குள் போனதும் புத்தி மாறியது.
ஓடுகிற ரத்தமே சின்ன மின்சாரம் பிறப்பித்து
கடைசி மேட்டை மலையாக்கிவிட்டது.
எந்தச் சிகரம் துடிப்பு?
இயந்திரம் இரண்டையும் நம்பியது.
மனிதர் எழுபதில் படுத்திருக்க
திரையில் நூற்று நாற்பது.

இரண்டு விரற்கடை கீழே இறக்கி ஒட்டினேன். எழுபது.

அப்புறம் பதிவுக் குரல்:
இழுங்கள், விடுங்கள், நிறுத்துங்கள்.
பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் சொல்லும் பெண்ணின் அதே நிதானம்.
பதினாலு விநாடி கேட்டோம்.
ஒன்பதாவதில் உதரவிதானம் நழுவியது.
படத்தில் இடது அறைக்குப் பக்கத்தில்
இன்னொரு இடது அறை,
கழுவாத தம்ளரில் ஒட்டிய பால்போல.

மறுபடி.
மறுபடி. இந்த முறை ஏழு.

இதயத்தை நாங்கள் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை.
பத்துத் துடிப்பிலிருந்து பத்துக் கீற்று எடுத்து
ஒட்டிக் காட்டுகிறோம், ஒரு துடிப்பென்று.
நிபந்தனை ஒன்றுதான்,
ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும்.
இதற்குக் கையெழுத்துப் போட்ட இதயத்தை
நான் பார்த்ததில்லை.

டாக்டர் ட்ரீனு வோலைட் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்:
"படத் தரம் போதாது. நோயாளி ஒத்துழைக்கவில்லை."
வாரத்துக்கு மூன்று முறை எழுதும் வரி.
விரல்களுக்கு மனப்பாடம்.

மைக்கில் என்டெல்:
"இது டைமிங் விளக்கு மாதிரியா?
சுற்றுகிற சக்கரத்தில் ஒரே இடத்தில் வெளிச்சம் அடித்து
நிற்பதுபோலக் காட்டுமே?"
ஆமாம் என்றேன்.
"எஞ்சின் தடுமாறினால் அந்த விளக்கால் பிரயோஜனமில்லை.
ஓடவிட்டுப் பார்க்கணும்."
பல்செட் இல்லாமல் சொன்னதால்
இரண்டாம் முறைதான் புரிந்தது.

கீற்றுகளைக் கைவிட்டேன்.
நொடிக்கு இருபது படம், கரடுமுரடாய்,
புள்ளிகளை எண்ணிவிடலாம்.
பதிவுக் குரலை அணைத்தேன்.
"மூச்சை நிறுத்தாதீர்கள். ஆழமாக விடுங்கள்,
ஆழமாக இழுங்கள்."

ட்ரீனு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
அவர் மூச்சை இழுத்தபோதெல்லாம்
இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்
இடப்பக்கம் சாய்ந்தது.
விட்டபோது திரும்பியது.
காற்றில் கதவு ஆடுவதுபோல.
மறுபடி இழுத்தார். மறுபடி சாய்ந்தது.

இறுகிய உறைக்குள் இதயம்.
ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் ஒதுங்க வேண்டும்.
கணுக்காலில் நின்ற நீருக்கு அதுதான் காரணமாயிருக்கும்.
ஒன்பது விநாடி, ஏழு விநாடி
நாங்கள் நிறுத்தச் சொன்னது இதைத்தான்.

ட்ரீனு அந்த வரியை அழித்தாள்.
"நோயாளி" என்ற சொல் மட்டும் மிஞ்சியது.
குறிமுள் அதன் பக்கத்தில் கொஞ்சநேரம் துடித்தது.

என்டெல் பல்லை மாட்டிக்கொண்டு கேட்டார்,
"படம் நன்றாக வந்ததா?"
"இல்லை" என்றேன். "ஆனால் தெரிந்தது."
என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை.
அதைச் சொல்வது என் வேலையுமில்லை.

ஜன்னலில் பார்த்தேன்.
வண்டி நிறுத்துமிடத்தில், மைனஸ் பதினெட்டில்,
விளக்குக்கம்பத்தின் கீழே சாவியைத் தேடி நின்றார்.
வாயிலிருந்து வெள்ளையாய் ஒன்று கிளம்பி,
கலைந்து,
இன்னொன்று.